ஓ.கே. என்றால் என்ன அர்த்தம்?

சென்ற ஆண்டு கோடை விடுமுறை முடிந்து என் மனைவி சென்னையிலிருந்து தனியாக ரயிலில் திரும்பினாள். கையில் மூன்று பெட்டிகள், ஒரு ஊறுகாய் ஜாடி. வண்டி காலை ஆறரைக்கு வரும், யாராவது ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள் என்று முதல் நாள் இரவே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தாள். நான் "ஓ.கே." என்று பதில் போட்டேன். மகன் "ஓ.கே. அம்மா" என்றான். மருமகள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பினாள். அதுவும் ஓ.கே. தான்.

மறுநாள் காலை ஒருவரும் போகவில்லை. மகன் போவான் என்று நான் நினைத்தேன். அப்பா விடியற்காலையில் எழுந்து நடக்கப் போகிறவர்தானே, அப்படியே ஸ்டேஷனுக்குப் போய்விடுவார் என்று மகன் நினைத்தான். இருவரில் ஒருவர் போவார் என்று மருமகள் நினைத்தாள். ரயில்வேயில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவனின் மனைவி, பிளாட்பாரத்தில் ஒரு மணி நேரம் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். பிறகு போர்ட்டரையும் ஆட்டோவையும் அமர்த்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை. "மூணு ஓ.கே. வந்தது. ஒரு ஆள் வரலையே" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அன்று முதல் இந்த இரண்டெழுத்து வார்த்தை என்னை விடவில்லை. ஒரு நாளில் நூறு தடவை சொல்கிறோமே, இது எங்கிருந்து வந்தது, நாம் சொல்லும்போது உண்மையில் என்ன சொல்கிறோம் என்று தேடிப் பார்த்தேன். தெரிந்துகொண்டதையும், அதையொட்டி எனக்குத் தோன்றிய ஒரு கருத்தையும் வாசகர்கள் முன் வைக்கிறேன்.

இந்த வார்த்தையின் பிறப்பைப் பற்றி ஏராளமான கதைகள் உண்டு. கிரேக்கர்கள் எல்லாம் நலம் என்பதற்கு "ஓலா கலா" என்பார்கள், அதிலிருந்து வந்தது என்கிறது ஒரு கட்சி. மேற்கு ஆப்பிரிக்காவின் வோலோஃப் மொழியில் "வாவ் கே" என்று சொல்வது உண்டு, அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள் என்கிறது இன்னொரு கட்சி. அமெரிக்கப் பழங்குடியினரான சாக்டா மக்களின் மொழியில் "அப்படியே" என்ற பொருள் தரும் "ஓகே" என்ற சொல் இருக்கிறது. 1913 முதல் 1921 வரை அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த உட்ரோ வில்சன் இதையே நம்பி, கோப்புகளில் அந்தச் சொல்லின் எழுத்து முறையிலேயே குறிப்பு எழுதுவாராம். எனக்குப் பிடித்த கதை வேறு. ஓபடையா கெல்லி என்று ஒரு ரயில்வே சரக்கு ஏஜென்ட் இருந்தார், அனுப்பும் சரக்குச் சீட்டிலெல்லாம் தன் பெயரின் முதல் எழுத்துக்களைப் போட்டார், அதுவே ஓ.கே. ஆயிற்று என்று ஒரு கதை. ரயில்வேக்காரன் என்ற முறையில் இதுவே உண்மையாக இருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டேன். ஆனால் ஆதாரம் கிடையாது.

உண்மையைக் கண்டுபிடித்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். பழைய செய்தித்தாள்களை ஆண்டுக்கணக்கில் புரட்டி, 1963, 1964 ஆம் ஆண்டுகளில் ஒரு மொழியியல் இதழில் தொடர்ந்து கட்டுரைகள் எழுதி, இந்த விவகாரத்துக்கு முடிவு கட்டினார். அவர் கண்டது இதுதான். 1830களின் கடைசியில் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகைக்காரர்களிடையே ஒரு விளையாட்டு பரவியிருந்தது. வார்த்தைகளை வேண்டுமென்றே தப்பாக எழுத வேண்டியது, பிறகு அந்தத் தப்பான எழுத்துக்களைக் கொண்டு சுருக்கம் செய்ய வேண்டியது. "ஆல் ரைட்" என்பதை "ஓல் ரைட்" என்று கொச்சையாக்கி "ஓ.டபிள்யூ." என்று போடுவார்கள். அதே வழியில் "ஆல் கரெக்ட்" என்பதில் "ஏ"க்குப் பதில் "ஓ"வும் "சி"க்குப் பதில் "கே"யும் போட்டு "ஓ.கே." ஆக்கினார்கள். பாஸ்டன் மார்னிங் போஸ்ட் என்ற பத்திரிகையில் 1839 மார்ச் 23 அன்று இது அச்சில் வந்தது. அதன் ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன். வந்த இடமும் வேடிக்கையானது. "மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம்" என்ற பெயரில் சில நண்பர்கள் விளையாட்டாக நடத்திய ஒரு சங்கத்தின் பயணத்தைப் பற்றிய துணுக்கு அது. ஆக, உலகத்தையே ஆளும் இந்த வார்த்தை பிறந்தது ஒரு சங்கச் செய்தியில்தான். நம் போன்ற சங்கப் பத்திரிகைகள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்!

எல்லாம் சரி என்று சொல்ல வந்த சுருக்கத்தில் ஓர் எழுத்துகூடச் சரி இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பிறக்கும்போதே பொய் சொல்லிக்கொண்டு பிறந்த வார்த்தை இது.

அந்த விளையாட்டில் பிறந்த மற்றச் சுருக்கங்கள் சில வருஷங்களில் செத்துப் போயின. ஓ.கே. மட்டும் பிழைத்ததற்குக் காரணம் அரசியல். 1840 ஆம் ஆண்டு ஜனாதிபதி தேர்தலில் மார்ட்டின் வான் பியூரன் மறுபடியும் நின்றார். அவருடைய சொந்த ஊர் நியூயார்க் மாநிலத்துக் கிண்டர்ஹூக். ஆகவே ஆதரவாளர்கள் அவரை "ஓல்டு கிண்டர்ஹூக்" என்று அழைத்து, ஓ.கே. கிளப் என்று அமைப்புக்கூட ஆரம்பித்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் அதே இரண்டு எழுத்துக்கு வேறு வேறு விரிவு சொல்லிக் கேலி செய்தார்கள். அவருக்கு முன்பிருந்த ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, அவர்தான் கோப்புகளில் ஓ.கே. என்று தப்பாக எழுதினார் என்று ஒரு கட்டுக்கதையையும் கிளப்பிவிட்டார்கள். தேர்தலில் வான் பியூரன் தோற்றார். வார்த்தை ஜெயித்தது.

பிறகு தந்தி வந்தது. 1844 இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸின் தந்திக் கம்பி ஓடத் தொடங்கியது. செய்தி கிடைத்தது என்று பதில் தட்டுவதற்கு இரண்டெழுத்துப் போதும் என்றால் எந்தத் தந்திக்காரர் விடுவார்? ரயில் பாதையும் தந்திக் கம்பியும் அமெரிக்காவில் கைகோத்துக்கொண்டு பரவின. கம்பி போன இடமெல்லாம் ஓ.கே.யும் போயிற்று. கெல்லி கதை பொய்யானாலும், இந்த வார்த்தையை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்ததில் ரயில்வேக்குப் பங்கு உண்டு.

கம்ப்யூட்டருக்குள் அது நுழைந்த கதையும் சுவையானது. 1980களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனம் லிசா என்ற கம்ப்யூட்டரைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, திரையில் சம்மதம் தெரிவிக்கும் பொத்தானில் "செய்" என்ற பொருளில் "டூ இட்" என்றுதான் எழுதியிருந்தார்கள். சோதித்துப் பார்க்க வந்த ஒருவர் அந்த எழுத்துக்களைச் சேர்த்துப் படித்துவிட்டார். அது "டோல்ட்" என்று தெரிந்தது, அதாவது மண்டு. கம்ப்யூட்டர் என்னை மண்டு என்று திட்டுகிறதே என்று அவர் கோபப்பட்டாராம். அதன் பிறகுதான் பொத்தானில் ஓ.கே. ஏறியது. "செய்" என்ற தெளிவான வினைச்சொல் இறங்கி, வினையே இல்லாத ஒரு சொல் அந்த இடத்தைப் பிடித்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

இன்று ஓ.கே. என்பதற்கு எத்தனை பொருள்? கேட்டுக்கொண்டேன், புரிந்தது, சம்மதம், செய்கிறேன், செய்துவிட்டேன், நலமாக இருக்கிறேன், பரவாயில்லை, சுமார், போதும் நிறுத்து, அடுத்த விஷயத்துக்கு வா, போனை வைக்கிறேன். இதற்கு மேலும் வாசகர்கள் சேர்க்கலாம். "படம் எப்படி?" "ஓ.கே." என்றால் நன்றாக இல்லை என்று அர்த்தம். "உடம்பு எப்படி?" "ஓ.கே." என்றால், சொல்கிறவர் நம்மிடம் விவரம் சொல்ல விரும்பவில்லை என்று அர்த்தம்.

இங்கே தமிழ்ப் பற்று மிக்க அன்பர்கள் குறுக்கிடுவார்கள். "ஆங்கில வார்த்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு 'சரி' என்று தமிழில் சொன்னால் தீர்ந்தது" என்பார்கள். அவர்கள் பற்றை மதிக்கிறேன். ஆனால் தீராது. நம் "சரி"யும் லேசுப்பட்ட ஆளில்லை. "சரி" என்றால் சம்மதம். "சரி, அப்புறம்?" என்றால் மேலே சொல். "சரி சரி" என்றால் போதும் விடு. "சரிதான் போ" என்றால் நம்பவில்லை. "சரியாப் போச்சு" என்றால் எல்லாம் கெட்டது! வினைச்சொல்லாக எடுத்தாலோ சரிவது என்பது கீழே விழுவது. ஹிந்தியில் "அச்சா"வும் இதே ரகம். வியப்புக்கும் அச்சா, சம்மதத்துக்கும் அச்சா, சந்தேகத்துக்கும் அச்சா. ஆக இது ஆங்கிலம், தமிழ் என்ற சண்டையே இல்லை. எல்லா மொழிக்காரர்களுக்கும் பிடி கொடுக்காமல் பதில் சொல்ல ஒரு வார்த்தை தேவைப்படுகிறது. காமராஜரின் "ஆகட்டும் பார்க்கலாம்" புகழ் பெற்றதல்லவா? ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது. ஆகட்டும் என்றாலும் பார்க்கலாம் என்றாலும் எதிர்காலம். இன்னும் ஆகவில்லை என்பது கேட்டவருக்குத் தெளிவாகத் தெரியும்.

ஓ.கே.யின் கோளாறு சரியாக இங்கேதான் இருக்கிறது. அதற்குக் காலம் கிடையாது. "ஆயிற்று" என்றால் இறந்த காலம். "ஆகும்" என்றால் எதிர்காலம். யார் செய்வது என்று சொல்லும் எழுவாயும் அதில் கிடையாது. "நான் போகிறேன்" என்று எங்கள் வீட்டில் ஒருவர் எழுதியிருந்தால் என் மனைவி பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்க மாட்டாள். மூன்று பேரும் எழுவாயும் வினையும் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டோம்.

இந்தப் பாடத்தை நான் புதிதாகக் கற்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்பே கற்று, மறந்துபோனேன். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷமே ஆன இளம் இன்ஸ்பெக்டர். மத்தியப் பிரதேசத்தில் ஒரு சிறு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் போக்குவரத்தை நிறுத்தி, பழைய தண்டவாளங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போட்டோம். வெயிலோ மே மாத வெயில். நேரம் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. வேலை முடிந்தது, வண்டி ஓட லைன் தகுதியாக இருக்கிறது என்று நான் கையெழுத்திட்டு ஸ்டேஷன் மாஸ்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் காத்திருக்கும் வண்டியை விடுவார்கள். தூரத்திலிருந்த கேங் மேட்டைப் பார்த்து "போல்ட் எல்லாம்?" என்று ஹிந்தியில் கத்தினேன். அவர் கையைத் தூக்கி "ஓ.கே. சாப்" என்றார். நான் பேனாவை எடுத்தேன்.

பக்கத்தில் என் மேலதிகாரி நின்றிருந்தார். ஓய்வு பெற இரண்டு வருஷமே இருந்த மனிதர், அதிகம் பேச மாட்டார். "அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டார். "ஓ.கே. என்றான் சார்." "ஹோ கயா என்றானா, ஹோ ஜாயேகா என்றானா?" நான் விழித்தேன். ஆயிற்று என்றானா, ஆகிவிடும் என்றானா என்பது அவர் கேள்வி. "போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுது" என்றார். ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒவ்வோர் இணைப்பிலும் பிஷ்பிளேட்டுக்கு நான்கு போல்ட் இருக்க வேண்டும். கடைசி இரண்டு இணைப்புகளில் இரண்டிரண்டுதான் இருந்தன. அதிலும் ஒன்று கையாலேயே சுழன்றது. மேட் பொய் சொல்லவில்லை. நான் கேட்டதை "போல்ட்டையெல்லாம் பார்த்துக்கொள்" என்று எடுத்துக்கொண்டு, பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் சொல்லியிருக்கிறார். என் கேள்வியிலும் வினை இல்லை, அவர் பதிலிலும் வினை இல்லை. போல்ட்டை முடுக்கி, வண்டி பதினைந்து நிமிஷம் தாமதமாகப் போயிற்று. தாமதத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அதைவிடப் பெரிய விளக்கம் எதையும் எழுத வேண்டி வராமல் காப்பாற்றியது அந்தப் பெரியவரின் ஒரு கேள்வி.

ரயில்வே இந்தச் சிக்கலை முன்பே உணர்ந்து ஒரு வழி செய்து வைத்திருக்கிறது. அதற்குப் பிரைவேட் நம்பர் என்று பெயர். ஸ்டேஷன் மாஸ்டர் லெவல் கிராசிங் கேட்மேனை போனில் கூப்பிட்டு, வண்டி வருகிறது, கேட்டை மூடு என்கிறார். கேட்மேன் "ஓ.கே. சார்" என்றால் போதாது. மூடிப் பூட்டிய பிறகு, அவரிடம் கொடுத்து வைத்திருக்கும் தாளிலிருந்து ஓர் இரண்டு இலக்க எண்ணைச் சொல்ல வேண்டும். எண்கள் வரிசையாக இருக்காது, தாறுமாறாக அச்சிட்டிருக்கும். ஒரு தடவை சொன்ன எண்ணை அடித்துவிட வேண்டும், இரண்டு பக்கமும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் இடையே முக்கியமான செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும்போதும் இதே முறைதான்.

வெளியார் பார்த்தால், இது என்ன சடங்கு என்று தோன்றும். எண்ணில் ஒன்றுமில்லைதான். கேட்டை மூடாமலே எண்ணைச் சொல்கிறவனையும் எண் தடுக்காது. ஆனால் ஓ.கே. என்பது வாயிலிருந்து தானாக வந்துவிடும். எண் தானாக வராது. தாளை எடுக்க வேண்டும், பார்க்க வேண்டும், அடிக்க வேண்டும், எழுத வேண்டும். அந்த அரை நிமிஷத்தில் "நாம் கேட்டை மூடினோமா?" என்ற கேள்வி மனிதனுக்குள் எழுந்தே தீரும். அந்த முறையின் பலம் அதுதான்.

இஞ்சினிலும் அப்படியே. சிக்னல் கண்ணில் பட்டதும் லோகோ பைலட்டும் உதவியாளரும் அது காட்டும் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்ல வேண்டும். ஒருவர் சிக்னலைச் சொல்ல மற்றவர் ஓ.கே. என்று தலையாட்டுவது முறையல்ல. இவரும் தன் கண்ணால் பார்த்துத் தன் வாயால் அதையே சொல்ல வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு தேவைதானா என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு நாளை நினைவூட்டுகிறேன். 1977 மார்ச் 27. ஸ்பெயின் நாட்டுக் கேனரி தீவுகளில் டெனரீஃப் என்ற தீவு. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே போக வேண்டிய விமானங்கள் இந்தச் சிறு நிலையத்துக்குத் திருப்பி விடப்பட்டிருந்தன. மாலையில் மூடுபனி இறங்கியது. ஓடுபாதையின் ஒரு முனையில் கே.எல்.எம். ஜம்போ விமானம் கிளம்பத் தயாராக நின்றது. அதே ஓடுபாதையில் பான் அமெரிக்கன் ஜம்போ எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. பனியில் ஒன்றை ஒன்று பார்க்க முடியவில்லை. கோபுரத்திலிருந்தவருக்கு இரண்டுமே தெரியவில்லை. மேலே ஏறிய பின் போக வேண்டிய வழி மட்டுமே கே.எல்.எம்.முக்குச் சொல்லப்பட்டிருந்தது. கிளம்பலாம் என்ற அனுமதி தரப்படவில்லை. ஆனால் துணை விமானி பதில் சொல்லும்போது, நாங்கள் கிளம்பும் நிலையில் இருக்கிறோம் என்கிற மாதிரி இரு பொருள்பட முடித்தார். கோபுரத்திலிருந்தவர் "ஓ.கே." என்றார். ஓரிரண்டு விநாடி விட்டு, காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றார். அதே விநாடியில் பான் அமெரிக்கன் விமானி, நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று அலறினார். இரண்டு குரலும் ஒரே அலைவரிசையில் மோதி, கே.எல்.எம். விமானி அறையில் கீச்சென்ற ஒலிதான் கேட்டது. தெளிவாகக் காதில் விழுந்தது ஒரே வார்த்தை. ஓ.கே.

விமானம் அதற்குள்ளாகவே ஓட ஆரம்பித்திருந்தது. 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் அதுவரையிலும், அதற்குப் பின் இன்று வரையிலும், ஒரே விபத்தில் இரு விமானங்களில் இருந்தவர்கள் இத்தனை பேர் மாண்டதில்லை. அந்த ஒரு வார்த்தையால்தான் விபத்து நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பனி, அவசரம், நெரிசல், விமானியின் தவறான முடிவு என்று பல காரணங்கள் சேர்ந்தன. ஆனால் நிறுத்தியிருக்கக்கூடிய கடைசி நேரத்தில், நிறுத்துவதற்கு மாறாகத் தைரியம் கொடுத்தது அந்த வார்த்தை. சொன்னவர் "நீ சொன்னது காதில் விழுந்தது" என்ற பொருளில் சொன்னார். கேட்டவர்கள் காதில் அது "போகலாம்" என்று விழுந்திருக்கக் கூடும். அதன் பிறகு விமானத் துறை விழித்துக்கொண்டது. முக்கியமான உத்தரவுகளுக்கு வெறும் ஓ.கே. பதிலாகாது, உத்தரவின் முக்கியப் பகுதியைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. கிளம்புவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே, உண்மையில் கிளம்ப அனுமதி கொடுக்கும்போது தவிர வேறு சமயத்தில் பயன்படுத்தக் கூடாது என்று வைத்தார்கள்.

நாம் விமானமா ஓட்டுகிறோம் என்று கேட்கலாம். நம் வயதில் நாம் அன்றாடம் ஓட்டுவது நம் உடம்பு. என் நண்பர் ஒருவர், எழுபதை நெருங்குகிறவர், இதய சிகிச்சை முடிந்து வீடு திரும்பினார். பழைய மாத்திரை ஒன்றை நிறுத்திவிட்டு, புதியது ஒன்றைச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். "ஓ.கே.யா?" என்று கேட்டார். நண்பர் "ஓ.கே. டாக்டர்" என்றார். டாக்டர் கேட்டது, புரிந்ததா என்று. நண்பர் சொன்னது, நேரமாகிவிட்டது, உங்களைத் தொந்தரவு செய்யவில்லை என்று. பத்து நாள் இரண்டு மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டார். ஒரு காலை குளியலறையில் தலை சுற்றி விழுந்தார். நல்ல வேளையாக நெற்றியில் நான்கு தையலோடு போயிற்று. டாக்டர் மேலும் குற்றமில்லை, நண்பர் மேலும் குற்றமில்லை. நோயாளியிடம் "புரிந்ததா?" என்று கேட்காமல், "வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும் என்று மருத்துவத் துறையிலும் இப்போது வலியுறுத்துகிறார்கள். டாக்டர் கேட்காவிட்டால் என்ன, நாமே சொல்லலாமே. "டாக்டர், வெள்ளை மாத்திரையை இன்றோடு நிறுத்துகிறேன். மஞ்சளை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று சாப்பிடுகிறேன். சரிதானே?" இதற்குப் பத்து விநாடி ஆகும். அதுதான் நம் பிரைவேட் நம்பர்.

ஓ.கே.யை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒழியவும் ஒழியாது. காபிக்குச் சர்க்கரை ஓ.கே.யா, சட்டை ஓ.கே.யா என்று தாராளமாகக் கேட்டுக்கொள்வோம். பேச்சில் அதற்கு ஓர் இனிமை உண்டு. அமெரிக்காவில் இருக்கும் பேரனும் நானும் மொழிச் சங்கடம் இல்லாமல் பேசிக்கொள்ளும் சில வார்த்தைகளில் அதுவும் ஒன்று. நான் சொல்வது, ஓர் ஆள் காத்திருக்கிற இடத்திலும், ஓர் உயிர் சம்பந்தப்பட்ட இடத்திலும், பணம் கைமாறுகிற இடத்திலும் அந்த வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பதுதான். யார், எதை, எப்போது என்ற மூன்றும் பதிலில் இருக்க வேண்டும். கேட்கிறவரும் "ஓ.கே.வா?" என்று கேட்காமல், வினைச்சொல் வைத்துக் கேட்க வேண்டும். ஆயிற்றா, ஆகுமா என்று பிரித்துக் கேட்க நம் மொழியில் எவ்வளவு வசதி இருக்கிறது! "ஆயிடுச்சு" என்ற ஒரே சொல்லில் வினையும் காலமும் அடங்கிவிடுகிறது. இந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டு, தப்பும் தவறுமாகப் பிறந்த இரண்டெழுத்துக்கு ஏன் அடிமையாக வேண்டும்?

நம் சங்கக் கூட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல் விழாவுக்கு ஹால் பிடிப்பது, சமையல்காரருக்குச் சொல்வது, மைக் ஏற்பாடு என்று தலைவர் ஒவ்வொன்றாகச் சொல்வார். சுற்றி உட்கார்ந்திருக்கும் நாம் எல்லாரும் ஓ.கே. என்போம். விழாவுக்கு நான்கு நாள் முன்பு, "மைக்குக்குச் சொல்வதாக நீங்கள்தானே?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். அடுத்த கூட்டத்தில் ஒரு சோதனை செய்து பார்ப்போமே. ஓ.கே. என்ற வார்த்தையை அன்று ஒரு நாள் யாரும் சொல்லக் கூடாது. "மைக்குக்கு நான் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுகிறேன்" என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். கூட்டம் கால் மணி நேரம் நீளும். விழாவன்று மைக் வேலை செய்யும்.

எங்கள் வீட்டில் இப்போது சட்டம் மாறிவிட்டது. போன மாதம் என் மனைவி மறுபடி ஊருக்குப் போய்த் திரும்பினாள். வண்டி நேரத்தைக் குழுவில் எழுதினாள். கைவிரல் பழக்கத்தில் ஓ.கே. பக்கம் போயிற்று. நிறுத்திவிட்டு, "நான் ஆறு மணிக்குப் பிளாட்பாரத்தில் இருப்பேன்" என்று எழுதினேன். பதிலுக்கு அவள் என்ன அனுப்பினாள் தெரியுமா? "ஓ.கே."

ஆனாலும் ஆறு மணிக்குப் போய் நின்றுவிட்டேன். வண்டிதான் நாற்பது நிமிஷம் லேட்.